மீள்பார்வை, மூன்றாம் ஆண்டு

அடுத்த வாரம் கல்வி இலாகாவிலிருந்து ஆள் வருகிறது.
மூன்றாம் ஆண்டு, மொத்தம் ஐந்து பேர்,
வாசிக்கத் தெரியுமா என்று பார்க்க.
ஆகவே இன்று மறுபடியும் முதலிலிருந்து:
நாக்கு எங்கே போகிறது?

ல. மேல்பல்லுக்குப் பின்னால், தொட்டுவிட்டு வா.
ள. மடக்கி, அண்ணத்தில் ஒரு தட்டு.
ழ. மடக்கு, ஆனால் தொடாதே.
தொடப்போய்த் தொடாமல் நிற்பதுதான் அந்த எழுத்து.
சொல்லிவிட்டு
நன்றாயிருக்கிறதே என்று நானே நினைத்துக்கொண்டேன்.

சிலிம் ரிவர் பாலத்தில் செம்பனைக் குலை லாரி இறங்குகிறது.
வெண்பலகை அதிர்கிறது.
அது போகும்வரை எந்த எழுத்துக்கும் ஒலி கிடையாது.
காத்திருக்கிறோம், வாயைத் திறந்தபடி.

கவிஷன் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பவன்.
ம்ர்ம் என்று எழுதி மரம் என்று வாசிப்பான்.
ஏனடா என்றால்
மூடி டீச்சர், மூடாட்டி எழுத்து ஊத்திக்கும் என்கிறான்.

லோஷினிக்கு முற்றுப்புள்ளி ஆகாது.
பத்தி முழுவதையும் ஒரே மூச்சில் கடப்பாள்,
மண்சடக்கில் நாய்க்குப் பயந்து சைக்கிள் மிதிப்பதுபோல.
நின்றால் கடிக்கும்.

யோகதரன் படம் பார்த்து வாசிக்கிறான்.
எழுத்தில் புலி. வரைந்தவர் கைவண்ணத்தில் அது பூனை.
"பூனை பாய்ந்தது. மான் ஓடியது."
பூனைக்கு மான் ஏனப்பா ஓடுகிறது?
"எங்க வீட்ல அப்பாவுக்கு எல்லாரும் ஓடுவோம் டீச்சர்.
அவரும் சின்ன ஆளுதான்."
கருத்துணர்தலில் இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?
பாரத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமை.

தீபஷ்னா இன்றும் வரவில்லை.
அவள் அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை,
எழுப்பிவிட ஆளில்லை.

கடைசி மேசை ரொஸ்னி.
அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார்.
வீட்டில் செமாய், கடையில் மலாய்,
தமிழ் இங்கே மட்டும், ஏழரையிலிருந்து ஒன்றரை வரை.
நடந்துபோகிற தூரத்தில் இருந்த பள்ளி இது, அதனால் சேர்த்தார்கள்.

பழம், என்றேன்.
பளம், என்றது வகுப்பு.
கொஞ்சம் தள்ளி, தனியாக, ரொஸ்னி:
பழம்.

தொடவில்லை.
ஒரு நூலிழை கீழே நின்று திரும்பியிருந்தது நாக்கு.
மற்ற மூவரும் அவளைப் பார்த்தார்கள்,
தங்கள் பென்சில் பெட்டியிலிருந்து
யாரோ எதையோ எடுத்துக்கொண்டதுபோல.

மறுபடி சொல், என்றேன்.
கொழுந்து. உழவு. கிழவி. மழை.
எல்லாம் சொன்னாள்.
பாதிக்கு மேல் பொருள் தெரியாது.
மழையை மட்டும் விரல்களால் இறக்கிக் காட்டினாள்.
உச்சரிப்பு, அடைவுநிலை ஆறு.
பொருள் உணர்தல், இரண்டு.
கவிஷனுக்கு அப்படியே தலைகீழ்.

மாலை, கடைத்தெரு. பேரின்பம் மளிகை.
தொங்கும் அட்டையில் வாழை பலம் கிலோ ஐந்து வெள்ளி.
சிவப்புப் பேனாவுக்குக் கை பைக்குள் போனது.
குடைதான் அகப்பட்டது.
தூறல் விழ ஆரம்பித்திருந்தது, எனக்கு அவசரம்.
"அண்ணே, பிசாங் மாஸ் முடிஞ்சிருச்சா?
சரி, அந்த வாளப்பளமே ஒரு சீப்பு குடுங்க."

பக்கத்தில், டீசல் மணக்கும் ஒரு சட்டையின் நுனியைப் பிடித்தபடி
ரொஸ்னி.
வணக்கம் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.
மூடிய வாய்க்குள் கன்னம் லேசாக அசைந்தது.
உள்ளே ஏதோ மேலே போய்
தொடாமல் இறங்கியது.

சீப்பிலிருந்ததை எண்ணினேன். பதினொன்று.
தேவையே இல்லாமல்
இன்னொரு தடவை எண்ணினேன்.