யன்னலுக்கு மூன்றரை

இந்தக் கிழமை முதலில் பார்த்தது
ஒரு துப்பறிவாளன் கதை. எட்டுப் பகுதி.
எட்டிலும் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.
கோப்பி ஊற்றுவான், போன் அடிக்கும்,
கோப்பையை வைத்துவிட்டு ஓடுவான்.
ஆறாம் பகுதியில் எனக்குக்
கொலைகாரன் யாரென்ற கவலை விட்டுப்போய்
இவனுக்குக் குடற்புண் வந்துவிடுமே என்று பிடித்துக்கொண்டது.
ஐந்துக்கு இரண்டு.
அந்தக் கோப்பையை யாராவது கழுவியிருந்தால்
இரண்டரை.

பிறகு ஒரு தமிழ்ப்படம்.
கனடா மாப்பிள்ளை வந்து இறங்குகிறார்,
கறுப்புக் கண்ணாடி, முதுகு நிமிர்ந்து.
பனி வழித்த முதுகு அப்படி நிமிராது.
யோகராசா இடைவேளைக்கு முன்பே குறட்டை.
கதாநாயகி வரும்வரை அவர் விழித்திருந்த படமே இல்லை,
ஆனால் விடியக் கேட்டால்
"பரவாயில்லை, கடைசி கொஞ்சம் இழுவை" என்பார்.

பேய்ப்படம் ஆரணி போட்டது.
வீட்டுக்கு அடியில் இரவிரவாகச் சத்தமாம்,
குடும்பமே நடுங்குகிறது.
பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் வைத்தவளுக்கு
இதில் பயப்பட என்ன இருக்கிறது?
அந்தப் பேய் மாதம் முதலாம் தேதி
காசு தருமா என்றேன்.
"உங்களோட இருந்து படம் பாக்கேலாது அம்மா."
சரி, அதற்குப் புள்ளி போடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் எங்கள் தெருவை
அமெரிக்கா ஆக்கினார்கள்.
ஹமில்டனில் இது புதிதில்லை,
பார்ட்டன் வீதி எத்தனையோ ஊர்களாக நடித்திருக்கிறது.
கார்களுக்கு நம்பர் பிளேட் மாற்றினார்கள்,
முன்வீட்டுத் தெரேசாவின் வாசலில்
நட்சத்திரக் கொடி கட்டினார்கள்.
மழை வேண்டுமென்று தண்ணீர் லொறி வந்தது.
பத்து நிமிடத்தில் உண்மை மழை பெய்தது.
உண்மை மழைக்காக வேலையை நிறுத்தினார்கள்.
பச்சைச் சட்டைக்காரப் பெடியன் ஒருவன்
எங்கள் கதவைத் தட்டி,
முன்னறை விளக்கு நாலு மணிவரை எரிந்தால்
இருநூறு டொலர் என்றான்.
என் வாழ்நாளில் இவ்வளவு இலேசான உழைப்பு
வேறு கிடைத்ததில்லை.

அது நேற்றுத்தான் வந்தது.
முதற்பகுதி, பதினேழாம் நிமிடம்.
தெரேசா வீட்டு எதிர்ப்பக்கத்துப் பாதையில்
ஒரு பிணத்தைத் தூக்கி வருகிறார்கள்.
தாய் அழுகிறாள், தலைமயிர் கலையாமல்.
பின்னால் மஞ்சளாய் ஒரு யன்னல்.
அதற்குள் ஒரு நிழல்
இடமிருந்து வலம் போகிறது,
நிற்கிறது,
திரும்பி வருகிறது.

விளக்கு எரியட்டும் என்றுதான் சொன்னார்கள்,
நடக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
அன்றைக்கு யோகராசா லொறியோடு
வாவா தாண்டிப் பனிக்குள் நின்றார்.
ஒன்பது மணிக்கு எடுக்கவேண்டிய போன்
மூன்று மணிக்கும் வரவில்லை.
தெருவில் எல்லாரும் பிணத்தையே பார்க்க
எங்கள் யன்னல் மட்டும்
வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவரைத் தட்டி எழுப்பினேன்.
"பாருங்கோ, நான்."
"எங்க?"
அதற்குள் காட்சி போய்விட்டது.
பின்னுக்கு இழுத்தேன். இன்னொருக்கா இழுத்தேன்.
மூன்றாம் தரம் கண்டுகொண்டார்.
"ஏன் இப்பிடி நடக்கிறாய்?"
"நீங்கள் போன் எடுக்காத இரவு."

ஒன்றும் சொல்லவில்லை.
தலையணையை மடியில் வைத்துக்கொண்டார்.
அடுத்த பகுதியும் ஓடத் தொடங்கியது,
அரைவாசிவரை இருந்தார் மனிதன்,
கண் திறந்தபடி.
பிறகு, "இருநூறில் கரண்டுக்காசு கழிச்சனியோ?" என்றார்.

நாடகத்துக்கு இரண்டு.
அழுத தாய்க்கு ஒன்று.
யன்னலுக்கு மூன்றரை.

மிச்சம் ஒன்றரை எங்கே என்கிறாள் ஆரணி.
திரைச்சீலை தோய்க்கவில்லை.
ஊற்றின மழைக்குள்ளும்
அது தெரிகிறது.