கொண்டி

டுலூத்தில் ஏரி இன்னும் உறையவில்லை.
ஆர்வில் ஹால்வர்சனைப் புதைத்துவிட்டு வருகிறேன்.

கட்சிக்காரர் பணத்தில் கைவைத்து
ஒன்பதாம் நாள் திருப்பி வைத்தவன் நான்.
"வைத்ததைக் கேட்கவில்லை,
எடுத்ததைக் கேட்கிறேன்" என்றார்.
வழக்கறிஞர் ஒழுங்கு விசாரணை அறை. ஜன்னல் கிடையாது.
பதினோரு மாதம்
என் பெயர்ப்பலகை கார் டிக்கியில் கிடந்தது.

ஓய்வு பெற்ற மறுவாரமே
கராஜில் உலை மூட்டினாராம்.
அறுபத்தெட்டு வயதில் சம்மட்டி!
முதல் வருடம் முழுக்க ஆணிகள்தான்,
ஒன்றுகூட நேரில்லை.
இடது புருவம் பொசுங்கிய அன்று
மாரெட் சிரிப்பை அடக்க
வெளியே பனிக்குள் ஓடினாராம்.

என் தோட்டக் கதவுக்கு ஒரு கொண்டி கேட்டேன்.
ஏன் அவரிடம் போனேன், இன்றும் தெரியாது.
நாற்பது டாலர்.
ரசீதின் அடியில் அதே பழைய கையெழுத்து:
"நாக்கு இடப்பக்கம் சற்றுக் கோணல்.
வாங்குபவரிடம் சொல்லப்பட்டது."

சொன்னார்தான், இரண்டு முறை.
பழுத்த இரும்பு தண்ணீரில் சீறி ஓயும்வரை காத்திருந்து
மறுபடியும்.

இருட்டிவிட்டது.
கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் விழும்.
கையுறையைக் கழற்றிவிட்டுத்
தூக்குகிறேன்.