மூடிகள்

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறி
பையைத் திறக்கச் சொன்னார் ஏட்டு.
நூற்றுப் பதினெட்டு மூடிகள்.
தட்டை மூடி, திருகு மூடி, நசுங்கிய மூடி.
"மூடி இருக்கு, பாட்டில் எங்கம்மா?"
கண்டக்டரில் தொடங்கிப் பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு.

அடையாள அட்டையை நீட்டினேன்.
ர. நித்தியகலா, மூன்றாம் ஆண்டு,
மழலையர் மற்றும் தொடக்கக் கல்வி.
இரண்டு தடவை படித்தார்.
"அ ஆ சொல்லிக் குடுக்க நாலு வருஷப் படிப்பா?"
எங்கள் வீட்டில் கேட்ட அதே கேள்விதான்.
இவர் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்.

அவருக்கு நான் சொல்லாதது:
செலவில்லாத கற்பித்தல் கருவிக்கு ஐந்து மதிப்பெண்.
புளியங்கொட்டை எல்லாரும் கொண்டுவருவார்கள்.
முள்ளோடையில் பஸ்ஸுக்கு நிற்கையில்
காலடியில் மின்னியது என் ஐந்து மதிப்பெண்.
குனிந்து பொறுக்கினேன்.
கடை வரிசையில் நின்றவர்கள்
நகர்ந்து வழிவிட்டார்கள்,
ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம்.

வீட்டில், வெந்நீரில் சர்ஃப் போட்டு மூன்று அலசு.
பிஞ்சு விரலைக் கிழிக்காமலிருக்க
ஒவ்வொரு விளிம்பையும் துவைக்கிற கல்லில் தேய்த்தேன்.
இரண்டு இரவு.
சத்தம் தாங்காமல் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேவனாம்பட்டினத்துப் பள்ளியில்
வினிஷாவுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை.
இருபத்தொன்பதுக்கு அப்புறம் இருபத்திப்பத்து என்பாள்.
அதில் தப்பு எங்கே என்று
எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணா வை, என்றேன்.
பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
நிறம், அளவு, வடிவம், பிற.
பென்சிலைச் சீவி வைத்திருந்தேன்.

அவள் அவசரப்படவில்லை.
ஒவ்வொன்றாகத் திருப்பி, சிலதை மோந்து
இரண்டு குவியல் வைத்தாள்.
சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன.
பெரிசும் சிறிசும்,
தட்டையும் திருகும் கலந்து கிடந்தன.
எப்படிப் பிரிச்ச, கண்ணு?

"இது குடிச்சா அப்பா தூங்கிடும்.
இது குடிச்சா அம்மா தூங்காது."

வெளியே ஐஸ் லாரி ஒன்று
பின்னால் வந்துகொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது.

பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே.
முதல் பருவத்தின் முதல் வகுப்பில் எழுதிக்கொண்ட முதல் வரி.
'பிற'வில் டிக் அடித்தேன்.
பக்கத்தில் அரை அங்குலம் காலியிடம்.
"தானாகவே ஓர் அடிப்படையை உருவாக்கி
குழந்தை பிழையின்றி வகைப்படுத்தியது."
பிழையின்றி என்பதை அடித்தேன்.
பிறகு அதையே மேலே எழுதினேன், சின்னதாக.

ஐந்துக்கு நாலரை வந்தது.
அரை எதற்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு டவுனில் எனாமல் பெயின்ட் வாங்கி
அத்தனைக்கும் பூசினேன்.
பாதி மஞ்சள், பாதி நீலம்.
மோந்து பார்த்தேன்; பெயின்ட் வாசனைதான்.
பால்கனியெல்லாம் காயவைத்து
அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை
வினிஷா ஒரு மஞ்சளை எடுத்தாள்.
"நல்லாருக்கு மிஸ்."
கவிழ்த்து உள்பக்கம் பார்த்தாள்.
விளிம்பில் ஒரு சுற்று விரலை ஓட்டினாள்.
இடது பக்கம் வைத்தாள்.

அடுத்தது நீலம்.
அதையும்
அதன் பக்கத்திலேயே வைத்தாள்.