நாற்பது யார் வயர்

பில்லில் நாற்பது யார் என்று போட்டிருந்தது.
நான் தையல்காரி.
யார் என்ற சொல்லை என்னிடம்
சும்மா எழுதக்கூடாது.

பக்கத்து வீட்டு டிலக்சன் கம்பத்தில் ஏறி
நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தான்.
அன்டெனாவில் தொடங்கி
கூரை விளிம்பு, ஜன்னல் ஓட்டை, சுவர் மூலை,
ரீவியின் முதுகு வரை
வைத்து வைத்து எடுத்தோம்.
பதின்மூன்று நாடா, மேலே பன்னிரண்டு அங்குலம்.
இருபத்திரண்டு யார்.

மிச்சம் பதினெட்டு.
மூன்று சாறி நீளம்
என் வளவுக்குள் வராமலே விலைப்பட்டிருக்கிறது.

கொடுத்தது இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
ஒரு சட்டைக்குக் கூலி தொளாயிரத்து ஐம்பது.
முப்பது சட்டை.
முப்பது பேரின் கழுத்து, கக்கம், கொக்கி,
"கொஞ்சம் லூசா வையுங்கோ அக்கா",
மறுகா வந்து "இறுக்கித் தாங்கோ",
அவ்வளவையும் கொடுத்து நான் வாங்கியது
கண்ணாடிக்குள் யாரோ ஓயாமல் அரிசி புடைக்கிற
ஒரு வெள்ளை.
சில நேரம் சத்தம் மட்டும் வரும்.
முகமில்லாத ஒருவர்
பெரும்போக விதைப்பைப் பற்றிப் பேசுவார்.

லோகிதராசாவுக்கு ஏழு தரம் போன் எடுத்தேன்.
முதல் தரம், "நாளைக்கு வாறன்."
மூன்றாந் தரம், "கச்சான் காத்தக்கா,
அதுதான் திருப்பிப் போட்டிரிக்கி."
ஐந்தாந் தரம் மனிசி எடுத்து
அவர் படுவான்கரைக்குப் போயிட்டார் என்றாள்.
ஏழாந் தரம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கச்சான் வீசட்டும்.
கச்சானா பில் எழுதினது?

"விடுகா நேசமலர், போன சல்லி போனதுதான்.
அவன் நம்மட ஊர்ப் பொடியன்."
நம்மட ஊர்ப் பொடியனுக்கும்
முப்பத்தாறு அங்குலம்தானே ஒரு யார்?

புதுப் பூஸ்டர், ஒன்பதாயிரம் என்றிருந்தது.
டிலக்சன் கழற்றிக் கொண்டுவந்தான்.
அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில்
இன்பவதி, ஓந்தாச்சிமடம்.

பஸ் ஏறிப் போனேன்.
"திருத்தக் குடுத்தன், அது செத்துப்போச்சு எண்டான்."
செத்தது என்ட கூரையில இரிக்கி என்றேன்.
ரெண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நுகர்வோர் அலுவல்கள் கந்தோரில்
முறைப்பாட்டாளர் என்ற கட்டத்துக்குள்
சாமித்தம்பி நேசமலர் என்று எழுதினேன்.
கலியாணப் பதிவுக்குப் பிறகு
முழுப்பெயரை இவ்வளவு மெதுவாக எழுதியது
அன்றைக்குத்தான்.

நளீம் ஐயா பில்லை இரண்டு தரம் படித்தார்.
விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது
என்ற கடைசி வரியில் பேனை நின்றது.
"அச்சடிச்சிட்டாச் சரியாகிருமா?"
ஒரு கோடு போட்டார்.
"அளவு பிழையெண்டு எப்பிடித் தெரியும்?"
கழுத்தைத் தொட்டேன்.
நாடா அங்கேயே கிடந்தது.
கழற்ற மறந்து, களுவாஞ்சிகுடியிலிருந்து
மாலை போட்ட மாதிரி வந்திருக்கிறேன்.

விசாரணைக்கு அவன் வந்த சட்டையில்
இடது தோள் தையல் விட்டிருந்தது.
எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.
பிள்ளைகள் ரெண்டு என்றான்.
எனக்கு மூணு என்றேன்.
அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

பதினான்காயிரம், இரண்டு தவணை.
பூஸ்டர் புதுசாக.
இன்பவதியின் பெட்டி இன்பவதிக்கு.
வயரும் மாற்ற வேணும், பழையதில் மூன்று முடிச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தான்.
எங்கள் நிலம் கடல்மணல். ஏணி புதையும்.
மூன்றாம் படியில் நின்று கீழே பார்த்தான்,
கேட்கவில்லை.
நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.
விழுந்தால் இரண்டாந் தவணை யார் தருவது?

"இப்ப?"
"இல்ல."
"இப்ப?"
உள்ளேயிருந்து டிலக்சன் கத்தினான்,
மூக்கு வருது, மூக்கு வருது.

இறங்கி வந்து புது வயர்ச் சுருளை அவிழ்த்தான்.
வெட்டுவதற்கு முன்
என் முகத்தைப் பார்க்காமல்
நுனியை என்னிடம் நீட்டினான்.

அளந்தேன்.
அரை யார் கூட இருந்தது.

வெட்டு என்றேன்.