காம்பு

க்ரோனிங்கனில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிடும்.
வீட்ஸ்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு
கம்பளிக் கையுறையைக் கழற்றி
ரப்பர் கையுறை மாட்டுகிறாள்.

வழியெல்லாம் லிண்டன் இலைகள்.
காற்று பறித்ததாகத்தான் சொல்வோம்.
இல்லை.
காம்பின் அடியில் மரமே மெல்ல அறுத்துக்கொண்டது;
காற்று வந்து வாங்கிக்கொண்டது, அவ்வளவே.

செல்லும் அப்படித்தான்.
போதும் என்ற சொல் உள்ளிருந்தே வரும்.
சுருங்கும், கொப்புளிக்கும்,
தன்னைத்தானே பொட்டலம் பொட்டலமாய்க் கட்டி வைக்கும்.
அண்டைச் செல் தின்றுவிட்டுப் போகும்.
சீழில்லை, வீக்கமில்லை.
கருவில் துடுப்பாய் இருந்த கை
விரல் விரலாய்ப் பிரிந்தது
இடையில் இருந்தவை செத்துக் கொடுத்ததால்தான்.

இவள் தட்டில் இருப்பவை
சாகத் தெரியாதவை.
குடுவையில் பேனா எழுத்து: எஃப் முப்பத்தொன்று.
பெண், ஐம்பத்திரண்டு வயது,
இடது மார்பு, காம்புக்கு இரண்டு விரற்கடை மேலே.
பேர் இல்லை.
எரித்தார்களோ புதைத்தார்களோ,
பதினான்கு வருடமாய் அவளில் ஒரு பங்கு
இளஞ்சிவப்புத் தண்ணீரில் வளர்கிறது
திங்களும் வெள்ளியும் தீனி கேட்டு.

மருந்து ஊற்றினாள்.
நூற்றுக்குத் தொண்ணூறு போயிற்று.
மீதிப் பத்து, மூன்றாம் நாள் பதினைந்து,
அடுத்த வாரம் நாற்பது.
உள்ளே ஏதோ மரபணு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.
பதினோரு பேர் மேல் சந்தேகம்.
ஒவ்வொன்றாய் வாயடைத்தாள்.
ஏழாவது குழியில்
ஒரு செவ்வாய் இரவு
உதிர ஆரம்பித்தன.

கத்தவில்லை. ஆறிய காபியைக் குடித்தாள்.
யோரிட் இருந்தால் சொல்லியிருப்பாள்;
அவன் ஐந்து மணிக்கே
குழந்தையைக் கூட்டிவரப் போய்விட்டான்.

அப்புறம் எலிகள்.
கட்டி கரைந்தது.
எட்டாம் நாள் எலியின் இதயம் துவண்டது.
அங்கேயும் அதே தாழ்ப்பாள்:
தசையின் ஒவ்வொரு செல்லிடமும்
இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று
பிறந்தது முதல் சொல்லிக்கொண்டிருப்பது.

மார்புக்கு ஒரு சாவி
அதன் அடியில் துடிப்பதற்கு வேறு சாவி என்று
யாரும் செய்து வைக்கவில்லை.

அளவைப் பாதியாக்கி எழுதுகிறாள்.
அடித்துவிட்டு, கால்.

ஜன்னலுக்கு வெளியே மரத்தின் உச்சியில்
ஒரே ஒரு இலை, கருத்துச் சுருண்டு,
இன்னும் விடவில்லை.
அதற்குப் பிடிவாதமா,
மரம் அறுக்க மறந்ததா,
இங்கிருந்து பார்த்தால்
காம்பு தெரியவில்லை.