பத்தாவது கதிரை

கப்பல்தளக் கூடத்தில் வியாழன் இரவு நானூறு கதிரை.
போட்டது நான். கணக்கும் என்னுடையது.
லிப்மன் பாட வந்தார்.
லீட்ஸில் சனிதோறும் யூதர் ஆலயத்தில் ஓதுகிறவர்,
மற்ற நாட்களில் வால் கோட்டுப் போட்டு
பெரிய மண்டபங்களில் இத்தாலிப் பாட்டு.
தொண்டைக்கு இஞ்சி கேட்டார். இடித்துக் கொடுத்தேன்.
நெருப்பு என்றார்,
இன்னொரு துண்டு கேட்டார்.

கடைசிப் பாட்டுக்கு மாலுமிகள் பூட்ஸால் தரையை உதைத்தார்கள்.
வெளியே வேலியோரம் படுத்திருந்த மான்கள்
எழுந்து ஓடின.

வெள்ளி பின்னேரம் உவர்மலையில் ஒரு தகரக் கொட்டில்.
பத்துக் கதிரை போதும் என்றார்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
பத்தாவது, சிக்னல் பிரிவுப் பையன்,
மூன்று வாரம் முன் கப்பலோடு போய்விட்டான்.
அவனுக்குத்தான் ஓத வந்திருந்தார்கள்.
பத்து ஆண்கள் இல்லாமல் அந்த வரிகளைச் சொல்லக்கூடாதாம்.

நான் நிற்கட்டா என்றேன்.
"நில். எண்ணிக்கையில் வரமாட்டாய்."
சொல்லும்போது என் தோளைப் பிடித்திருந்தார்.

மற்றதெல்லாம் பாடினார்,
மேடைக் குரல் இல்லை, கொஞ்சம் மூக்கால்,
இரண்டு இடத்தில் உடைந்தும்.
அந்த வரிகள் வரவேண்டிய இடத்தில்
வாயை மூடி
அவை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் நின்றார்.
எண்ணெய்க்குதப் பக்கம் ஒரு லொறி கியர் மாற்றியது.

கச்சேரிக்கு எழுபத்தைந்து ரூபாய், ரசீதில் கையெழுத்து உண்டு.
வெள்ளிக்கு ஒன்றும் இல்லை.

திங்கள் ஸ்டோர்காரன் வந்தான்.
ஒரு கதிரை குறையுது.
கொட்டிலில் கிடக்கு என்றேன்.
போய் எடுத்து வா.

நாளைக்கு என்றேன்.
செவ்வாயும் அதையே சொன்னேன்.