பதினொரு நிமிடம்

மைல்ஸ் சிட்டி. கோர்டி ஹாவ்லிக்கின் கொட்டகை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி
மறுமுனையை மடிக்கணினியில் மாட்டுகிறான்.
"இருக்கிறதை முதல்ல வாசிச்சு எடுத்துக்கறேன்.
கம்பெனி எழுதினதுக்கு ஒரு நகல் வேணும்.
பதினொரு நிமிஷம்.
அப்புறம் நீ சரின்னு சொன்னா, புதுசை எழுதறேன்."

திரையில் ஒரு பச்சைக் கோடு
நகர மனமில்லாமல் நகர்ந்தது.

நூற்றுப் பத்துக் குதிரைகள் கூடுமாம்.
எண்ணூற்று ஐம்பது டாலர்.
எனக்குக் குதிரை வேண்டாம், கோர்டி.
எனக்கு வேண்டியது ஒரு ஏற்றம்.

போன ஜனவரி, ஹோம்ஸ்டேக் கணவாய்.
பின்னால் டிரெய்லரில் தொண்ணூற்றாறு பெட்டிகள்,
வலைக்கு அடியில் பந்தாகச் சுருண்ட தேனீக்கள்,
கலிஃபோர்னியாவின் பாதாம் பூக்களுக்காக.
மிதியைத் தரையோடு தரையாக அழுத்தியும்
முப்பத்து நான்கு மைல்.
அபாய விளக்குகள் சிமிட்டச் சிமிட்ட
ஓரமாக ஊர்ந்தேன்.
ஒரு பன்றி லாரி என்னைத் தாண்டிப் போனது.
பன்றிகள் என்னைப் பார்த்தன.
அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்று நிமிடம்.

லாயல் பிரூவிட் போன வருஷம் மாற்றினான்.
ஒரு மாதம் ஊரெல்லாம் அவன் வண்டிப் பேச்சு.
பிறகு டில்லனுக்குப் பக்கத்தில் கியர்பெட்டி போய்
பனியில் இரண்டு நாள், எட்டு மாடுகளோடு.
"எஞ்சின் தாங்கும்," என்கிறான் கோர்டி,
"அதுக்குப் பின்னாடி இருக்கிறதுக்கெல்லாம்
நான் வாக்கு கொடுக்க முடியாது."
சூடு எவ்வளவு ஏறும்?
"நீ மிதிக்கிற அளவுக்கு."

உத்தரவாதம் இன்னும் பதினான்கு மாதம்.
தவணை முப்பத்தொன்று.
என் கணவர் வெர்லினைக் கேட்டேன்.
"உன் வண்டி, உன் முடிவு," என்றார்.
இதைவிட உதவாத பதில் உலகத்தில் இல்லை.

புகைவடிகட்டியையும் கழற்றிவிடலாம் என்றான் ஒருவன்.
கழற்றினால் கரும்புகை எங்கே போகும்?
என் பெட்டிகள்மேல்தானே.
கூட்டைத் திறக்கும்போது புகை போடுகிறவள்தான் நான்,
காய்ந்த புல்லை மூட்டி, இரண்டு ஊது, போதும்.
அளவு தெரிந்த புகை அது.

ஏழு நிமிடம்.

எங்கோ ஓர் அலுவலகத்தில்
காபி ஆறிப்போவதைக் கவனிக்காமல்
ஓர் ஆள் உட்கார்ந்து இந்த எண்களைத் தட்டியிருக்கிறார்.
இன்னும் தர முடியும் என்று அவருக்குத் தெரியும்.
ஆனாலும் இங்கே நிறுத்தினார்.
கோழைத்தனமா?
அல்லது என்னைப் போல ஒருத்தியின் வலது காலை
முன்பே எங்காவது பார்த்திருக்கிறாரா?

பொய் சொல்வானேன், ஆசை இருந்தது.
இரவு படுக்கையில் என் பாதம்
போர்வைக்குள் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.
அந்த லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

பனிக்காலத்தில் பெட்டியில் காதை வைத்தால்
ஓர் உறுமல் கேட்கும்.
சிறகை அசைக்காமல் உடலை மட்டும் நடுக்கி
வேண்டிய சூட்டை மட்டும் உண்டாக்கும்.
அதற்குமேல் நடுங்கினால்
வசந்தம் வருமுன்பே தேன் தீர்ந்துவிடும்.
இதை இப்போது ஏன் நினைத்தேனோ தெரியவில்லை.

டிங்.

கோடு முடிந்தது. எழுதவா என்று கேட்டது திரை.
கிரீஸ் படிந்த விரல் விசைக்கு மேலே நின்றது.
"வயரைப் பிடுங்கு," என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
கோர்டி சிரிக்கவில்லை. நாற்பது டாலர் வாங்கிக்கொண்டான்,
ஏற்கெனவே என் வண்டியில் இருந்ததன் நகலுக்கு.

அந்தச் சிறு குச்சி இப்போது
கையுறைப் பெட்டியில் கிடக்கிறது,
காலியான ராணிக்கூண்டு ஒன்றுக்கும்
பாதி தின்ற மிட்டாய்க்கும் நடுவில்.
பதினான்கு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

இந்த ஜனவரியில் பதினாறு பெட்டிகளை இறக்கிவிட்டு ஏறினேன்.
முப்பத்தொன்பது மைல்.
பன்றி லாரி இந்த முறையும் தாண்டியது,
ஆனால் அதற்கு
வெகுநேரம் பிடித்தது.